வெண்டல் வாத்தியாரின் குண்டூசி

யூக்கான் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மார்ச் மாதம் வந்தால் பாடப் புத்தகத்துக்கு விடுமுறை. கணக்கு, பூகோளம், நன்னடத்தை எல்லாமே பனியில் ஓடும் நாய்வண்டிப் பந்தயத்தை வைத்துத்தான். அலாஸ்காவைக் குறுக்கே கடக்கும் அந்தப் பந்தயத்துக்கு எங்கள் ஊர்தான் பாதி வழி. வெண்டல் வாத்தியார் சுவரில் வரைபடம் மாட்டி, பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு வண்டிக்காரரை எடுத்துக்கொள்ளச் சொல்வார். தினமும் தங்கள் ஆளின் குண்டூசியை அவர்கள் நகர்த்த வேண்டும். அந்த ஆள் பந்தயத்தைக் கைவிட்டால் அந்தப் பிள்ளையே ஊசியைப் பிடுங்கி, வகுப்பின் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். விடாமுயற்சி வளருமாம்.

விட்டவர்களை அவர் பேசும் பேச்சு இருக்கிறதே, விரல் உறைந்து திரும்பியவரைக்கூட விட்டுவைத்ததில்லை.

"நாய்ங்க ஓடலைன்னு சாக்கு சொன்னா நாம என்ன சொல்லணும்?" என்பார்.

"நாய் மேல தப்பில்ல, ஓட்டினவருக்குத்தான் திராணியில்ல," என்று வகுப்பே ராகம் போடும். வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிடும்.

சின்னப் பந்தயங்களில் ஓடித் தகுதி வாங்கி, ஒரு வருடம் அவரே பெரிய பந்தயத்தில் இறங்கினார். சீட்டில் அவர் பெயர் ஆர்லீன் என்ற சிறுமிக்கு விழுந்தது.

"சார், எனக்கு நீங்கதான் வந்திருக்கீங்க."

"அப்போ உன் ஊசி கடைசி ஊர் வரைக்கும் போகும்மா," என்றார். அந்த ஒரு வாக்குக்காகவாவது அவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பந்தயப் பாதையில் சொந்த வீடு இருப்பவன் வண்டியை வீட்டுப் பக்கமே திருப்பக் கூடாது. எல்லாரையும் போல ஊர்க் கூடத்தில் கட்டி இளைப்பாற வேண்டும். இல்லையென்றால் நிற்காமல் போய்விட வேண்டும். தன் கூண்டைப் பார்த்த நாய்க்கு அதோடு பந்தயம் முடிந்தது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வெண்டலே இதைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தவர். ஆனால் அவர் வீடு பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரில் இருந்தது. பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்ப்பார்களே என்ற ஆசை வந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் வண்டி ஊருக்குள் வந்ததும், கூடத்தில் வண்டிகளைச் சரிபார்க்கும் டெல்பர்ட் மறித்தார். "வாத்தியாரே, இங்கயே கட்டு. வைக்கோல் போட்டு வச்சிருக்கேன்."

"என் நாய் என் பேச்சக் கேக்கும்."

"கேக்கும், கேக்கும். வீட்டு வாசலுக்குப் போ, யாரு பேச்ச யாரு கேக்கறாங்கன்னு தெரியும்."

வெண்டல் போனார். ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார். நாய்கள் அதனதன் கூண்டில் ஏறின. அவர் மனைவி இர்மா வைத்த மூஸ் மான் இறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, சொந்தக் கட்டிலில் ஒரு தூக்கமும் போட்டார்.

எழுந்து நாய்களுக்கு வாரைப் பூட்டியபோது தலைநாய் பெப்பர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மற்றவையும் படுத்தன. கூப்பிட்டார், கெஞ்சினார், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதையில் நிறுத்தினார். அவர் வண்டியில் ஏறியதும் அவை அரைவட்டம் அடித்து, பள்ளிக்கூட ஜன்னலுக்கு முன்னாலேயே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. மறுபடி முயன்றார், மறுபடி கொண்டுவந்து விட்டன.

"போதும்பா," என்றாள் இர்மா. "வீடு வந்தாச்சுன்னு அதுங்களுக்குப் புரியுது. உனக்குத்தான் புரியல."

கூடத்துக்குப் போய், பந்தயத்திலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு தலையைக் குனிந்தபடி வகுப்புக்கு வந்தார். ஆர்லீன் வரைபடத்தின் அருகில் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"நானே எடுத்துடறேம்மா," என்றார் வெண்டல்.

"இல்ல சார், நான்தான் எடுக்கணும். நீங்கதானே சொன்னீங்க." ஊசியைப் பிடுங்கினாள். "வெண்டல் சார் பாதியில விட்டுட்டார்."

பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவருக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. "அது வந்து... நாய்ங்க ஓடலை," என்றார்.

வழக்கமான கேள்வி வந்துவிட்டதென்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள் போலும். ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அந்தப் பாடத்தை மட்டும் அவர் நன்றாகத்தான் நடத்தியிருந்தார்.