ஸ்டோரில் காய்ந்த எஞ்சின்

“தண்ணியில விழுந்து செத்ததை மறுபடியும் தண்ணியிலயே போடச் சொல்லுதா. இதுக்காவா இவளைப் படிக்க வச்சோம்?”

என் பெரியப்பா இதைச் சொன்னது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கொட்டுகிற மழையில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. சொல்லிவிட்டு என் அப்பாவைப் பார்த்தார். அப்பா படகுக்குள் கிடந்த தண்ணீரை வாளியால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பெரியப்பா பேசும்போது அப்பாவுக்கு எப்போதும் கையில் ஒரு வேலை இருக்கும்.

அணை கட்டித் தண்ணீர் ஏறியதில் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஏரி வந்துவிட்டது. பழைய பாதை அதற்கு அடியில் கிடக்கிறது. சுற்றிக்கொண்டு போனால் யானைக்காடு. அதனால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு படகும், அதன் பின்னால் மாட்டுகிற, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய சீமை எஞ்சினும் வாங்கினார்கள். அந்த எஞ்சினை நம்பித்தான் நான் தினமும் அக்கரை போய், பஸ் பிடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி வந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீச்சர் ஆன முதல் ஆளும் நான்தான். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெரியப்பா பெருமையாகக் காட்டும் பொருட்கள் இரண்டு: ஒன்று எஞ்சின், மற்றது நான். எஞ்சின் நின்றால் நானும் நிற்க வேண்டும் என்பது அவருக்கு மிகவும் இயல்பாகத் தோன்றியது.

அது மூழ்கிய கதை இதுதான். கயிறு நீளமாக இருந்தால் எவனாவது படகை இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று, பெரியப்பா ஒரு முழக் கயிற்றில் படகை மரக்குற்றியோடு இறுக்கிக் கட்டியிருந்தார். இரவெல்லாம் மழை. ஏரி ஏறியது. படகும் ஏறப் பார்த்தது, கயிறு விடவில்லை. குற்றியோடு படகும், படகோடு எஞ்சினும் உள்ளே போயின. திருடன் வந்திருந்தால் படகாவது மிஞ்சியிருக்கும்.

ஆட்கள் இறங்கி எஞ்சினை வெளியே தூக்கினார்கள். ஓணப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைத்திருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். உடனே பிரித்துத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால், மெக்கானிக் வரும்வரை தண்ணீர்த் தொட்டியிலேயே முழுக்கி வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். எட்டாம் வகுப்பில் மூன்று கண்ணாடிக் குழாய்களில் மூன்று ஆணி போட்டுக் காட்டுவார்கள். ஈரமும் காற்றும் சேர்ந்து பட்ட ஆணிதான் துருப்பிடிக்கும். அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட என்னால் விளங்க வைக்க முடியும். பெரியப்பாவுக்கு முடியவில்லை.

அன்றைக்கே மெக்கானிக்கை அழைக்கலாம் என்றால் இருட்டிவிட்டது. மறுநாள் ஞாயிறு. பெரியப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர்.

“ஓய்வுநாள்ல ஒருத்தரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. திங்கக்கெழம பாத்துக்கிடலாம்” என்றார்.

“அதுவரைக்கும் எஞ்சின் எங்க இருக்கும் பெரியப்பா?”

“ஸ்டோர்ல. ஏலக்காய் காயுதுல்லா? அதோட இதுவும் காஞ்சிட்டுப் போவுது.”

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயை இரவும் பகலும் விறகு எரித்துக் காய வைக்கும் கட்டடம். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் நெருப்பு அணையாது. அதற்கு விறகு தள்ளுகிறவர்களுக்கு எந்த ஓய்வுநாள் என்று நான் கேட்டேன்.

“ஏட்டி, வாயை அடக்கு. ஏலக்காய் அவுஞ்சு போனா நீயா தருவ?”

இப்படியாக எங்கள் எஞ்சின் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சூடான ஈரக் காற்றில், ஏலக்காய்த் தட்டுகளின் நடுவே, மாப்பிள்ளை போல வீற்றிருந்தது. நாங்கள் கோயிலுக்குப் போய் இளைப்பாறுதலைப் பற்றிய பிரசங்கம் கேட்டோம். துரு இளைப்பாறவில்லை. திங்கட்கிழமை கிளப்புகிற கயிற்றைச் சுற்றி இழுத்தால் எஞ்சின் அசையவே இல்லை. அந்த வாரம் ஏலக்காய் எடுக்க வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, “இதென்ன, மண்ணெண்ணெய்ல வெளைஞ்சதா?” என்று கேட்டு மூட்டைகளைத் திருப்பிவிட்டார். அதற்கும் பெரியப்பா ஏதோ ஒரு வசனம் சொன்னார்.

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப் மெக்கானிக் வந்தார். ஊரில் உள்ள எல்லா ஜீப்பும் தன் கைபட்டதால்தான் ஏற்றம் ஏறுகிறது என்று நினைக்கிற ஆள். எஞ்சினைத் திறக்காமலே மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.

“சாரமில்லை, பெரிசா ஒண்ணுமில்ல. பிஸ்டன் ரிங் மாத்தினா ஓடும்.”

“உள்ள சிலிண்டர் எப்பிடி இருக்குன்னு பாக்காம ரிங் மாத்தி என்ன செய்ய?” என்றேன்.

“டீச்சருக்கு எஞ்சினும் பாடத்துல வருமோ?” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா அன்றைக்கு மட்டும் கையில் வேலை எதுவும் வைத்திருக்கவில்லை.

“தெறந்து காட்டுங்க. பிள்ள பாக்கட்டும்” என்றார்.

மண்ணெண்ணெய் ஊற்றி, ஊற வைத்து, ஒருவழியாகத் திறந்தார்கள். சிலிண்டரின் உள்சுவரில் விரல் நகத்தை வைத்து இழுத்தேன். கண்ணாடி போல இருக்க வேண்டிய இடத்தில் நகம் தட்டித் தட்டி நின்றது. துரு அங்கங்கே கொத்தி வைத்திருந்தது. இதில் புது ரிங் போட்டால் ஒரு மாதத்தில் அதுவும் தேய்ந்து, ஏரி நடுவில் நின்றுவிடும். அதை நான் சொன்னதும் மெக்கானிக் கொஞ்சமும் கூசாமல் கட்சி மாறினார்.

“அப்போ இது தீர்ந்தது. புதுசு வாங்கிடுங்க, அதான் மரியாதை.”

பெரியப்பாவுக்கு இது தேன். பழைய எஞ்சினை ஒட்டுப்போட்டு ஓட்டினால் அக்கரையில் நிற்கிறவன் சிரிப்பானாம். அக்கரையில் நிற்கிறவன் கயிறு கட்டிய நாளிலிருந்தே சிரிக்கிறான் என்பது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. கொச்சியில் ஏஜெண்டிடம் சொல்லி வைப்போம், கப்பலில் வரும், பெரியதாகவே வாங்குவோம் என்றார்.

“எப்ப வரும்?” என்றேன்.

“வாறப்ப வரும். கிறிஸ்மஸுக்கு வரலாம். அடுத்த வருசம் வரலாம்.”

“அதுவரைக்கும் நான் எப்பிடிப் பள்ளிக்கூடம் போவேன்?”

“ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரி. ரெண்டு பேர் பொண்ணு கேட்டு வந்தாச்சு. வாத்திச்சி வேலை என்ன பரலோகத்துல கொண்டு விடுமா?”

சமையலறையில் அம்மி ஓட்டம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் அழவில்லை. இப்படிப்பட்ட பேச்சுக்கு அழுவது அதற்கு மரியாதை கொடுப்பதாகும்.

அப்போது மெக்கானிக், சாமானைப் பைக்குள் போட்டுக்கொண்டே, பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: “இதைப் போட்டு வச்சு என்ன செய்ய? நான் வேணா கொண்டு போறேன். பழைய இரும்புக்கு ஆவும்.”

பழைய இரும்பு. ஜீப்புகளுக்குக் கடவுளான மனிதர், செத்துப்போன எஞ்சினைத் தோளில் சுமந்து படகேற்றி மலைப்பாதையில் கொண்டுபோகத் தயாராக இருந்தார், வெறும் இரும்புக்காக. நான் உட்கார்ந்து, பிஸ்டனைக் கழற்றியபின் அடியில் மிஞ்சி நின்ற சுழல் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங்குகள் கரகரப்பில்லாமல் சுற்றின. எண்ணெய் அங்கே மட்டும் தங்கியிருக்க வேண்டும்.

“அண்ணாச்சி, இந்தத் தண்டும் பேரிங்கும் போயிருந்தாத்தான் புதுசு வாங்கணும். ரெண்டும் நல்லா இருக்கு. சிலிண்டரை லேத்துல கடைஞ்சு, அதுக்குத் தக்கபடி பெரிய பிஸ்டன் போட்டா ஓடுமா ஓடாதா?”

அவர் பையின் வாரை மாட்டினார், கழற்றினார்.

“ஓடும். ஆனா இங்க யாரு கடைவா? கோட்டயத்துக்குப் போணும்.”

“ஓடும்னா போதும். கோட்டயத்துக்கு நான் போறேன்” என்றேன்.

பெரியப்பா எழுந்துவிட்டார். “பொட்டப்பிள்ள எஞ்சினைத் தூக்கிட்டுக் கோட்டயம் போவாளோ? போவட்டும். லேத்துக்காரன் இவளையும் சேத்துக் கடைஞ்சு அனுப்பட்டும்.” தம்பியின் மகளைப் பேசுகிற பேச்சு இது. மூப்பர்.

மறுநாள் விடிந்ததும் சிலிண்டரைச் சிமெண்டுப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தேன். அப்பா துடுப்புப் போட்டார். அவருடைய தோள் பழையபடி இல்லை. நடு ஏரியில் காற்று எங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டது. தினமும் இப்படிப் போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்து, பலாப்பழமா என்றார். ஆமாம் என்றேன்.

கோட்டயத்தில் லேத்துக்காரர் என்னைப் பார்க்கவில்லை, சிலிண்டரைத்தான் பார்த்தார். எனக்கு அதுவே போதும். உள்ளே அளவுகோலை விட்டு, குழிகள் ஆழமில்லை, ஒரு கடைசலில் போய்விடும் என்றார். படகுக்காரர்கள் அதிகம் வருகிற ஊர் என்பதால் அந்தப் பெரிய பிஸ்டனும் பக்கத்துக் கடையிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மாட்டுவதற்கு அதே ஜீப் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். இந்த முறை பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு நல்ல கயிறு வாங்கினேன். ஏரி எவ்வளவு ஏறினாலும் போதுமான நீளம். கரையில் பெரியப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழைய முழக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, படகைப் புதுக் கயிற்றில் கட்டினேன்.