தோள் கழன்ற கார்த்திகை

கார்த்திகை அன்று எங்கள் தாராவி முருகன் கோயிலில் தீபாராதனைக்கு நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். அன்றைக்கு எனக்குச் சன்னதிக்கு நேரே, தூண் ஓரமாக இடம் கிடைத்தது. பூசாரி கற்பூரத் தட்டை உயர்த்தினார். மணி அடித்தது. எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள். நானும் தூக்கினேன். தூக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். என் வலது தோள் பல வருஷமாக அடிக்கடி கழன்றுகொள்கிற தோள். ஆனால் முருகன் முகத்தில் வெளிச்சம் விழுகிற நேரத்தில் யோசித்துப் பார்த்தா கை தூக்குவோம்?

கழன்றுவிட்டது. "முருகா" என்று அலறினேன். கண் இருட்டி, உடம்பு நடுங்கி, முன்னும் பின்னும் ஆடினேன். பின்னால் நின்றவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"சாமி வந்துட்டு! அண்ணாச்சிக்கு சாமி வந்துட்டு! விலகுங்க, விலகுங்க!"

கூட்டம் விலகியது. ஒருத்தர் என் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார். இன்னொருத்தர் தலையில் தண்ணீர் ஊற்றினார். எனக்கு வலியில் கண்ணீர் கொட்டுகிறது, பேச்சு வரவில்லை. "அழுதாரு பாரு, மனசு எளகிட்டாரு" என்றார்கள். ஒரு அம்மா என் காலடியில் உட்கார்ந்து, "அப்பா முருகா, எம் மவளுக்கு எப்பம்ப்பா கல்யாணம்?" என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ தெரியாது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கால் மடங்கி விழப் போனேன். பக்கத்தில் நின்ற வாட்டசாட்டமான ஆள் என் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். என் உடம்புப் பாரம் கீழே இழுத்தது. உள்ளே 'களுக்' என்று ஒரு சத்தம். தோள் தன் இடத்துக்குப் போய்விட்டது. வலி ஒரு நொடியில் பாதியாகக் குறைந்தது. நான் மூச்சை விட்டுக் கண்ணைத் திறந்தேன்.

"சாமி மலையேறிட்டு" என்றார்கள் எல்லாரும்.

இதைச் சிரித்துக்கொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலில் இருந்து நனைந்த சட்டையோடு தனியாக வீட்டுக்கு நடந்து வந்தேன். கூட வருகிறேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சாமி வந்து போன உடம்பின் பக்கத்தில் நடக்க அவர்களுக்கு ஒரு கூச்சம்.

தோள் முதலில் கழன்றது லோக்கல் ட்ரெயினில். சயன் ஸ்டேஷனில் ஏறி, மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி குலுங்கி நின்றபோது கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது, என் கை மட்டும் மேலேயே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டுத் தோளை அதன் இடத்தில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு தூக்கத்தில் கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுத்தாலும் தோள் கழன்று இறங்கிவிடும். மாதுங்காவில் பெயின்ட் கடையில் எனக்கு வேலை. மேல் தட்டில் டப்பா எடுக்கும்போது இரண்டு தடவை இறங்கியிருக்கிறது.

அப்போதெல்லாம் என் வீட்டுக்காரிதான் ஏற்றிவிடுவாள். அவள் எங்கேயும் படித்ததில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்ததை வைத்து, பயந்து பயந்து செய்து பழகினாள். என்னைத் தரையில் படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் திருப்புவாள். திருப்பும்போது சம்பந்தம் இல்லாமல் பேசுவாள். "இன்னைக்கு தக்காளி என்ன வெல தெரியுமா? மூச்ச விடுங்க. கொத்தமல்லியக்கூட சும்மா தர மாட்டேங்கான். விடுங்க மூச்ச." கொத்தமல்லிக்கு நான் பதில் சொல்லப் போவேன், தோள் ஏறிவிடும்.

அவள் இப்போது டோம்பிவிலியில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பிள்ளை பிறந்ததற்குப் போனவள், பிள்ளை நடக்க ஆரம்பித்தும் அங்கேதான் இருக்கிறாள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாட்களில் ராத்திரி போன். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "கதவ பூட்டிட்டீங்களா?" "பூட்டிட்டேன்." பின்னால் பேத்தி அழும், வைத்துவிடுவோம்.

கார்த்திகை அன்றும் அவ்வளவுதான் பேசினோம். கை இறங்கியதைச் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்துவிடுவாள். மகள் வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கும்.

மறுநாளில் இருந்து தெருவே மாறிவிட்டது. டீக்கடையில் எப்போதும் என்னைக் கிண்டல் பண்ணுகிற ஊர்க்காரர் ஒருத்தர் உண்டு. "வேய் பெயின்டு, மூஞ்சிக்கு ஒரு கோட்டிங் அடிச்சுட்டு வாரும்" என்பார். அவர் அன்றைக்கு என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, உக்காருங்க" என்றேன்.

"இல்ல சாமி, நீங்க உக்காருங்க."

"சாமியுமில்ல பூதமுமில்ல. கை கழந்துட்டு. வலியில கத்துனேன்."

"சாமி வந்தவங்களுக்கு அது தெரியாது" என்றார் பயபக்தியோடு.

யாரிடம் சொன்னாலும் இதே பதில்தான். எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வராத சாமியை வந்ததாகச் சொல்லவிடுவது பாவம் இல்லையா? தினமும் விளக்கேற்றி, "முருகா, நான் சொல்லல, அவங்களா சொல்லுதாங்க" என்று கும்பிடுவேன். நெஞ்சுக்கு நேராகத்தான் கும்பிடுவேன். சாயங்காலம் அந்த டீக்கடைப் பேச்சும் கிண்டலும்தான் எனக்குத் துணையாக இருந்தது. அதுவும் போயிற்று.

அடுத்த வாரம் காலையில் சட்டை போடும்போது மறுபடியும் இறங்கியது. வீட்டில் நான் மட்டும். தரையில் படுத்து, முழங்கையை மடக்கி, இடது கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். தக்காளி, கொத்தமல்லி என்று எனக்கு நானே சொல்லிக்கூடப் பார்த்தேன். ஏறவில்லை. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டால் விபூதித் தட்டோடு வருவார்களே என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். ரொம்ப நேரம் கழித்து, அழுது ஓய்ந்து உடம்பு தளர்ந்தபோது அதுவாக ஏறியது. அன்றைக்குத்தான் பயந்தேன். இனிமேல் இந்தக் கையோடு நான் தனியாக இருக்க முடியுமா?

செம்பூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் என் கையைப் பக்கவாட்டில் தூக்கி, மெல்லப் பின்னால் திருப்பினார். எனக்கே தெரியாமல் அவர் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். "இந்தப் பயமே பாதி சொல்லிடுச்சு. எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும். மூட்டைச் சுத்தி இருக்கிற சதையும் ஜவ்வும் பார்க்கணும். எம்.ஆர்.ஐ எடுங்க" என்று இந்தியில் சொன்னார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு மராத்திப் பெண் இருந்தாள். உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கூட வந்தவரிடம் கொடுங்கள் என்றாள்.

"யாரும் வரல."

"அகேலே ஆயே ஹோ, காகா?" தனியாகவா வந்தீர்கள் பெரியவரே என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தாள். என் கழுத்தில் முருகன் டாலர் கோத்த சிவப்புக் கயிறு இருந்தது. அதைத் தலைவழியாகக் கழற்ற என் கையை உயர்த்த முடியவில்லை. அவளே கழற்றினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு கவரில் போட்டாள்.

முதலில் ஒரு டாக்டர் நீள ஊசியால் தோள் மூட்டுக்குள் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். அந்தத் தண்ணீர் எங்கே கசிகிறதோ அங்கே கிழிந்திருக்கிறது என்று படத்தில் தெரியுமாம். பிறகு குழாய் மாதிரியான அந்த மிஷினுக்குள் என்னைத் தள்ளினார்கள். ஆகாதென்றால் அமுக்குவதற்கு இடது கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். உள்ளே இரும்புப் பட்டறை போலச் சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முருகா சொன்னேன். பாதியில் சத்தம் முந்திக்கொண்டது, நான் பின்னால் ஓடினேன்.

படம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது என்னை வெளியே இழுத்தாள். "காகா, இன்னும் ஒரே ஒரு படம். இந்தக் கையை மடக்கித் தலைக்குக் கீழே வைக்கணும்."

எனக்கு வேர்த்துவிட்டது. "அப்படி வச்சாத்தான் கழந்துடும்."

"அப்படி வச்சாத்தான் கிழிசல் விரிஞ்சு தெரியும்" என்றாள். கையை அவளே தாங்கிப் பிடித்து, தலையணை செருகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் வைத்தாள். "ஹில்னா மத்" என்றாள். அசையக் கூடாது.

மறுபடியும் உள்ளே. கோயிலில் எந்தப் பக்கம் கை போய்க் கழன்றதோ, ஏறக்குறைய அதே மாதிரிதான் கை இருக்கிறது. கும்பிட முடியாது, அசைய முடியாது, பக்கத்தில் ஆள் இல்லை. இப்போது கழன்றால் யார் ஏற்றுவார்கள்? அந்தப் பயத்தில் முருகன் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. என் வீட்டுக்காரி பேச்சுதான் வந்தது. மூச்ச விடுங்க. விடுங்க மூச்ச. விட்டேன். கழலவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தோள் மூட்டில் கிண்ண எலும்பு சின்னது, அதில் உட்காரும் பந்து எலும்பு பெரியது. பந்து வெளியே உருளாமல் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் மாதிரி ஒரு ஜவ்வு உண்டாம். எனக்கு அது முன்பக்கம் கிழிந்து விலகிவிட்டது. பந்து எலும்பின் பின்பக்கம் விளிம்பில் இடித்து இடித்து ஒரு பள்ளம். எனக்கு உடனே பெயின்ட் டப்பா ஞாபகம் வந்தது. திருப்புளியால் நெம்பி நெம்பித் திறந்தால் டப்பாவின் உதடு வளைந்துவிடும். அப்புறம் மூடி எவ்வளவு அமுக்கினாலும் உட்காராது.

"இத்தனை நாள் யார் ஏற்றிவிட்டாங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரி."

"நரம்புக்கு ஆபத்து வராம போனது உங்க அதிர்ஷ்டம். இனிமே யாரும் வீட்டுல செய்யக் கூடாது. ஆபரேஷன் பண்ணி ஜவ்வைத் தைக்கணும். அப்புறம் சில வாரம் கையைக் கட்டித்தான் வச்சிருக்கணும். குளிக்க, உடுக்க ஆள் வேணும். வீட்டுல இருக்காங்கல்ல?"

தலையை ஆட்டினேன். கோயிலில் ஆட்டின மாதிரியே.

அன்று ராத்திரி போனில் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம தெருக்காரி கார்த்திகைக்கு மறுநாளே போன் பண்ணிட்டா" என்றாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு சாமி வந்துட்டு, நீங்க குடுத்து வச்சவங்கன்னா. வலது கை எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். தொங்கிக்கிட்டு கெடந்துச்சுன்னா. அப்பமே தெரிஞ்சு போச்சு."

"பொறவு ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். தெனமும் பாத்தேன். சாப்பிட்டாச்சு, பூட்டியாச்சுன்னு வச்சுட்டீங்க."

பின்னால் பேத்தி சிணுங்கியது. அவள் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. மே மாசம் மாப்பிள்ளையின் அம்மா ஊரில் இருந்து வருவாளாம், அப்போது தான் வந்துவிடுவதாகச் சொன்னாள். "டாக்டர்ட்ட அதுக்குத் தக்கன நாள் கேளுங்க. அது வரைக்கும் கைய தூக்காதீங்க. முழங்கைய வெலாவோட சேத்துப் பிடிச்சுக்கிடுங்க. என்ன, கேக்குதா?"

"கேக்குது."

அடுத்த மாசக் கார்த்திகைக்கும் கோயிலுக்குப் போனேன். எப்போதும் இடிபட்டு நிற்கிற இடத்தில், இந்தத் தடவை என்னைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். ஒருத்தர் செம்பில் தண்ணீர்கூடத் தயாராக வைத்திருந்தார். மணி அடித்தது. எல்லாக் கையும் மேலே போனது. நான் வலது முழங்கையை இடது கையால் விலாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முருகனைப் பார்த்தபடி நின்றேன்.

கற்பூரம் அணைந்தது. கொஞ்ச நேரம் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இன்னைக்கு வரல போலிருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

ஆமாம், மே மாசம்தான் வருவாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.