வேட்டிக்குப் பின்னால்

அக்கா பிளாஸ்டிக் ஒயர் கூடை பின்னுவாள். நான் அதைப் போனில் படம் எடுத்து ஆன்லைனில் போட்டு விற்பேன்.

எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. காலையிலேயே மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். பின்னணிக்கு அக்கா வீட்டுக்காரரின் கல்யாண வேட்டி. கடல் காற்று அதை நிற்க விடாது. கிளிப் போட்டோம், செங்கல் வைத்தோம், எதுவும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் அக்காவே வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அதுவே வழக்கமாகிவிட்டது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்தால் அவளே உதறிவிட்டு மறுபடி பிடிப்பாள்.

"கை வலிக்கிதுடி. எட்த்துட்டியா?"

"ஆடாத. விரலு தெரியுது."

"தெரிஞ்சா இன்னா? பின்னுன விரலுதான?"

எனக்குப் படம் சுத்தமாக இருக்க வேண்டும். மேலே தெரியும் விரல்களை வெட்டிவிட்டுத்தான் போடுவேன். பெரிய ஸ்டூடியோக்காரி என்று நினைப்பு.

ஒருநாள் காற்று வேட்டியைப் பிடுங்கிவிட்டது. போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள், அன்று வாய்விட்டுச் சிரித்தபடி அப்படியே படத்தில் விழுந்துவிட்டாள். கூடை மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. நான் கத்தினேன்.

"சரி, அழிச்சிடுடி. என் மூஞ்ச எவ வாங்கப் போறா?"

அழித்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் அவள் இல்லை. அழுது முடிப்பதற்குள் பேனர் கடைக்காரர் போன் செய்தார். "அக்காவோட நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புமா."

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லாமல் எங்கள் பக்கம் யாரையும் அனுப்புவதில்லை. அவள் கல்யாண ஆல்பம் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது. என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சிவப்புக் கூடை, பச்சைக் கூடை, மூடி வைத்த கூடை, பூப்போட்ட கூடை. அக்கா இல்லை. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாருடி இது?" என்று என்னிடமே கேட்டாள். எனக்கும் அப்போதே செத்துவிடலாம் போலிருந்தது.

போன வாரம் ஒரு பெண் பழைய நீலக் கூடை கிடைக்குமா என்று எழுதியிருந்தாள். எந்தக் கூடை என்று பார்க்கப் படத்தைத் திறந்தேன். கை தவறி எதையோ அழுத்த, வெட்டியது போய் முழுப் படமும் வந்து நின்றது. மேல் ஓரத்தில் வேட்டியை இறுக்கிப் பிடித்த விரல்கள். ஒயர் கிழித்த ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

அடுத்த படத்தையும் அப்படியே திறந்தேன். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அக்கா நின்றுகொண்டிருந்தாள், வேட்டிக்குப் பின்னால், நான் சொன்னபடியே ஆடாமல்.