படத்தில் அந்த அம்மா சொன்னது

அன்று டி.வி. முன்னால் இருந்தது நாலே பேர்: நான், என் மகள், கல்யாணம் முடிவாகியிருந்த மகன், நாற்காலியிலேயே தூங்கிப்போன என் வீட்டுக்காரர்.

சிரிப்புப் படம். வடக்கேயிருந்து வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஓட்டப்பந்தயத்தில் ஆசை. அம்மாக்காரி ஷூவை மாவு டின்னுக்குள் ஒளித்து வைக்க, பெண் அதைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். தெரு நெடுக வெள்ளைக் காலடி. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அவள் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்றிருந்தது.

அவர்கள் பேச்சு புரியவில்லை. கீழே தமிழ் எழுத்து ஓடியது. நான் எட்டாவதோடு நின்றவள். ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். மகள்தான் படித்துச் சொன்னாள்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மகனின் முகூர்த்தமும், வெளிமாநிலத்தில் மகளின் கால்பந்து அணித் தேர்வும் ஒரே நாளில் வந்திருந்தன. எங்கள் பக்கக் கல்யாணத்தில் இணைச்சீர் என்ற சடங்குக்கு மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைப்புடவைக் கூடையை ஏந்தி அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே தங்கை. தேர்வுக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டதற்கு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

"இவ கையில கூடையக் குடுத்தா எட்டி ஒதச்சுப்போடுவாங்கம்மா. பெரியப்பா புள்ள நிக்கட்டும்," என்றான் மகன்.

படத்தில் அந்தப் பெண் பையோடு வாசலுக்கு வந்தாள்.

"அவங்கம்மா உட மாட்டா," என்றேன்.

"உடுவாங்க. நூறு ரூபா பந்தயமுங்களா?" என்றாள் மகள்.

"செரி."

அம்மாக்காரி ஏதோ சொன்னாள். மகள் படித்தாள்: "போயிட்டு வா, கண்ணு."

"அத ஏஞ்சாமி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சொல்றா?"

"அழுகை வருதுல்லங்கம்மா அவங்களுக்கு."

எனக்கும் வந்துவிட்டது. தோற்ற நூறு ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்து, "நீயும் போயிட்டு வா," என்றேன்.

போனாள். அணியில் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே வேலையும் கிடைத்தது. கல்யாண வீடியோவில் கூடையோடு நிற்பது பெரியப்பா மகள். அந்த இடம் வரும்போதெல்லாம் ஓரத்தில் எங்காவது இவள் நிற்கிறாளா என்று பார்க்கிறேன், இல்லையென்று தெரிந்தும். போனில் கூப்பிட்டால், முட்டி வலிக்கிறதா, சோறு ஒத்துக்கொள்கிறதா, ரயிலில் படிக்கட்டுப் பக்கம் நிற்காதே என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுப்பதற்குள், "வெச்சரட்டுங்களாம்மா?" என்பாள்.

போன மாதம் மருமகளின் செல்போனில் அந்தப் படம் கிடைத்தது. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம், அந்த இடத்தில் நிறுத்திவைத்து எழுத்துக் கூட்டினேன்.

'போனால் இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே.'

'கண்ணு' எங்கேயும் இல்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்படி மாற்றிப் படித்துக் காட்ட அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

இதைப் போனில் சொல்லவில்லை. நேரில் வரட்டும், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். தோற்றதாக நினைத்து நான் கொடுத்தது நூறு, உண்மையில் ஜெயித்தது நூறு. அவள் எனக்குத் தர வேண்டியது இருநூறு ரூபாய்.