மூன்று கட்டைக் குரலுக்கு ஒரு கிட்டார்

பயன்படுத்தப் போகிறவர் தாமே இயக்கிப் பார்த்து, சரி என்று சொல்லாத வரை எந்தக் கருவியையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. நான் வேலை பார்த்த கொள்முதல் பிரிவில் இது எழுதி வைத்த விதி. எழுதி வைத்த பல விதிகளைப் போல இதுவும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது; நான்தான் எழுப்பி விட்டேன். நுண்ணோக்கி வந்தால் பேராசிரியர் வந்து கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் வந்தால் அதை ஓட்டப் போகிறவர் சுவிட்சைப் போட வேண்டும். ஒரு கல்லூரி முதல்வர் தம் அறைக்கு வந்த நாற்காலியில் என் கண்ணெதிரே உட்கார்ந்து எழுந்து காட்ட நேர்ந்தது. அவர் அதைக் கடைசி வரை மறக்கவில்லை என்று கேள்வி. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் விஷு கழிந்து என் மனைவிக்குக் கிட்டார் வாங்கப் போனபோது அந்த விதி எங்கே போயிற்று என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவள் கேட்காமல் விட்டதுதான் விஷயம்.

அவள் பெண்கள் பள்ளியில் ரசாயனம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுமாதமே சனிக்கிழமைகளில் ஒரு கிட்டார் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். எங்கள் வீடு கரமனையில், அக்ரஹாரத் தெருவில். அங்கே வயதான பெண்கள் சனிக்கிழமை எங்கே போகிறார்கள் என்பது பொது அக்கறைக்குரியது. யாராவது கேட்டால் நான் “யோகா கிளாஸ்” என்று சொல்லிவைத்தேன். யோகா கௌரவமானது, அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அவளுக்குக் குரல் கீழே. எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்கள். இவளுக்கு மூன்று கட்டைதான் சௌகரியம். கல்யாணமான வருஷம் கொலுவுக்குப் போன இடத்தில் பாடச் சொன்னார்கள், பாடினாள். என் அத்தைகளில் ஒருத்தி, “நன்னாத்தான் இருக்கு, ஆனா ஆம்பளை பாடறாப்ல இருக்கே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அதற்குப் பிறகு கொலுவில் அவள் சுண்டல் கொடுப்பதோடு சரி.

கிட்டார் பழகத் தொடங்கிய பிறகுதான் மறுபடி பாட ஆரம்பித்தாள். தம்புரா போட்டால், ஸ்ருதிப் பெட்டி போட்டால், பாட்டி, மாமி என்று எல்லோரும் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். கிட்டாருக்கு அந்த உறவுக்காரர்கள் இல்லை. வகுப்பில் இருந்த கிட்டாரில் பழகினாள். பிறகு ஒரு நாள், “சொந்தமா ஒண்ணு வேணும், ஏன்னா. சின்னதாப் போறும். மஹாகனியில செஞ்சது” என்றாள்.

அவள் கேட்டதில் அளவு இருந்தது, மரம் இருந்தது, எதற்கு என்பதும் இருந்தது. என் முப்பத்துச் சொச்ச வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவான கோரிக்கை என் மேசைக்கு வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கடை, சாலைக் கடைத்தெரு முடிகிற பக்கம், மாடியில்லாத சின்னக் கட்டடம். சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. கடைக்காரர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவர். மனைவி கேட்டதும் ஒன்றை இறக்கி அவள் மடியில் வைத்தார். இடுப்பு ஒடுங்கிய சின்ன உடம்பு. முன்பலகை, பின்பலகை, பக்கம் எல்லாமே ஒரே காவி கலந்த பழுப்பு. மஹாகனி என்றால் எனக்கு அலமாரிதான் ஞாபகம் வரும். ஆபீஸ் வளாகத்தில் காற்றுக்கு விழுந்த மஹாகனி மரங்களை நான் ஏலம் விட்டிருக்கிறேன். இதைப் பார்த்தால் அந்த மரத்தில் மிச்சமானதைக் கொண்டு செய்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஒரு பெரிய கிட்டார் இருந்தது. வெளுத்த முன்பலகை, அகன்ற வயிறு. கடைக்காரர் ஒரு தடவை தட்டினார்; கடை முழுக்க முழங்கிற்று. கம்பியை விட்ட பிறகும் நின்றது. சின்னது அப்படியில்லை. தட்டினால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது.

“இதுல பாரு, சத்தமும் கூட, உடம்பும் பெரிசு” என்றேன். “அளவு, ஒலி, மெருகு, எதுல பார்த்தாலும் இதுதான் முதல்ல வரும்.”

“டெண்டரா திறக்கறேள்?” என்றாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, “அம்மா ஒருக்கா பாடிப் பாக்கட்டும் சாரே. ரெண்டையும் வச்சுப் பாடினா அறியலாமே” என்றார்.

அதுதான் விதி. என்னுடைய விதியேதான். கடைக்காரர் வாயிலிருந்து வந்தது. கடையில் ஒரு தாயும் மகளும் உக்குலேலி என்கிற குட்டிக் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கம்பி வாங்க நின்றார். கதவு திறந்திருந்தது, வெளியே சனிக்கிழமை சாயங்காலத்துச் சாலைத் தெரு முழுக்க ஆட்கள். இத்தனை பேருக்கு நடுவில், அறுபது தாண்டிய என் மனைவி, மடிசார் இல்லாவிட்டாலும் ஒன்பது கஜத்துக்குரிய முகத்தோடு, கிட்டாரை மடியில் வைத்துப் பாடுவது. எனக்கு அது தாங்காது என்று அந்தக் கணத்தில்தான் எனக்கே தெரிந்தது.

“இங்கேயா? ஆத்துல போய்ப் பாடிக்கலாமே” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சின்ன மஹாகனியைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு, மெல்ல இரண்டு தடவை வருடிவிட்டு, பாட ஆரம்பித்தாள். 

நான் வாசலுக்குப் போனேன். பஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆள் மாதிரி நின்றேன். அந்தத் தெருவில் பஸ் வராது.

அப்போது என்னிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர் கையில் அரிசிச் சாக்குப் பையோடு வந்தார். பழைய மரியாதையோடு நின்றார். உள்ளேயிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: நன்றாக இருந்தது. குரல் முன்னால், கிட்டார் பின்னால். ஒன்றை ஒன்று முட்டவில்லை. வாசலில் நின்றே எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“உள்ளில் ஆராணு சாரே பாடுந்நது?” என்றார் அவர்.

“ஆரோ” என்றேன்.

யாரோ. மலையாளத்தில் சொன்னேன் என்பதால் அது குறைந்துவிடவில்லை.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டு நடுவரியில் நின்றது. உள்ளே போனேன். சின்னது ஏற்கெனவே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க சொன்னதையே எடுக்கலாம்” என்றாள்.

என் வாதம் எடுபட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய கிட்டார் கறுப்புப் பெட்டியோடு எங்கள் தெருவுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு வங்கி மானேஜர், அவரும் ஓய்வு பெற்றவர்தான், வாசலில் நின்றார். “ஓய், யாரைக் கொண்டு வரேள் பெட்டியில? அழுகைச் சத்தமே இல்லையே!”

“யோகா சாமான்” என்றேன். அவர் பெட்டியின் உருவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எந்த ஆசனம் என்று கேட்காமல் விட்டார். 

முதல் மாதம் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். ஹாலில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்காகத்தானே பெரியதாக வாங்கியது. தோசைக்கு உட்கார்ந்தபோது, “நன்னா கேக்கறதே” என்று சொன்னேன். “ஆமாம். அது மட்டும்தான் கேக்கறது” என்றாள். சட்னியை என் பக்கம் தள்ளினாள். அந்தப் பதிலை நான் உரிய முறையில் கவனிக்கவில்லை. அந்த வயிறு பெரிதாக இருந்ததால் அவள் வலது தோளைத் தூக்கியே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாயங்காலம் தைலம் தேய்த்துக்கொண்டாள். மிதுன மாதத்தில் மழை வந்ததும் கிட்டார் பெட்டிக்குள் போயிற்று, பெட்டி பீரோ மேலே போயிற்று. சனிக்கிழமை வகுப்புக்கு அவள் போகவில்லை. “மழையில்லையா” என்றாள். வேறு எந்த மழைக்கும் அவள் எதையும் நிறுத்தியவள் அல்ல.

அடுத்து வந்த கர்க்கடக மாதத்தில் ஒரு காலை கரண்ட் இல்லை. மிக்ஸி, ஃபேன், டிவி எதுவும் இல்லாத வீட்டில், அடுக்களையில் அவள் தேங்காய் துருவிக்கொண்டே பாடுவது கேட்டது. கடையில் பாடிய அதே பாட்டு. அந்த மூன்று கட்டை, அதே நிதானம். கிட்டார் இல்லை, துருவல் சத்தம் மட்டும் கூட இருந்தது. நான் பேப்பரை மடித்துவிட்டு அடுக்களை வாசலுக்குப் போனேன். என் நிழல் உள்ளே விழுந்திருக்க வேண்டும். பாட்டு நின்றது.

நடுவரியில். கடையில் நின்ற அதே இடம் இல்லை, ஆனால் அதே மாதிரி நின்றது.

“ஏன் நிறுத்திட்டே? பாடு” என்றேன்.

“யாரு பாடினா?” அவள் திரும்பவில்லை. “யாரோ.”

துருவல் மறுபடி தொடங்கியது. நான் அங்கேயே நின்றேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. வாசலுக்குப் போனால் மறுபடி வாசல். கடைக் கதவு அன்று திறந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு உள்ளே பாடியது கேட்டது என்றால், அவளுக்கு வெளியே சொன்னதும் கேட்டிருக்கும். இவ்வளவு சின்னக் கணக்கை மூன்று மாதம் போடாமலே வைத்திருந்தேன்.

மறுநாள் கடைக்குத் தனியாகப் போனேன். மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பில் இருக்கிறது, கீறல் இல்லை, பெட்டி புதிது என்று முறைப்படி எடுத்துச் சொன்னேன். கடைக்காரர் ஒன்றையும் கேட்கவில்லை.

“மாத்தலாம் சாரே, கொழப்பமில்லை. அந்தச் சின்னது இங்கதான் இருக்கு. ஆனா அம்மா வரணும். பாடிப் பாக்காம இனி நான் தரமாட்டேன்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “அன்னைக்கு சார் வெளிய போய் நின்னப்போ தலை சுத்தலாக்கும்னு நெனச்சேன். தண்ணி கொண்டாரலாம்னு இறங்கினேன்” என்றார்.

தலை சுற்றல் என்று ஒப்புக்கொள்ள வாய்ப்பு இருந்தது. அதைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதே அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொல்வதா உட்கார்ந்து சொல்வதா என்று யோசித்து, எதிரில் தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

“அன்னிக்கு நான் வெளியில போய் நின்னது வெக்கத்துல. வாசல்ல ஒருத்தர் கேட்டப்போ யாரோன்னு சொன்னதும் அதனாலதான். சொல்லியிருக்கப்படாது.”

“காம்பைப் போடாதேங்கோ, இலை மட்டும்.”

“கடைக்காரர் அந்தச் சின்னதை மாத்தித் தரேன்னு சொல்றார். நீ வந்து பாடணுமாம். வரியா?”

அவள் ஒரு கொத்து முடித்து அடுத்ததை எடுத்தாள். “அந்தப் பெரிசு இருக்கே, அது எங்கூடவே பாடறது. நான் கீழ பாடினா அதுவும் கீழ பாடறது. நான் நிறுத்தினா அப்புறமும் பாடறது. சின்னது அப்படியில்லை. கேட்டுண்டிருக்கும்.”

“அப்போ வரியா?”

“பாக்கலாம்” என்றாள்.

பாக்கலாம். நான் எத்தனை கோப்புகளில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி எத்தனை பேரை நடக்க விட்டிருக்கிறேன். பதில் வராதபோது என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் முறை உண்டு: முதலில் ஒரு நினைவூட்டு, அடுத்து இன்னொன்று, பிறகு மேலிடம். முதல் நினைவூட்டை, ஓணம் தொடங்குகிற அத்தத்தன்று கொடுத்துப் பார்த்தேன். வாசலில் பூக்கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், “ஓர்மை இருக்கு. ஓர்மைப்படுத்த வேண்டாம்” என்றாள். மேலிடம் என்று ஒன்று எனக்கு இல்லை. அவள்தான் மேலிடம்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி துடைத்து, ஹாலில், வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் வைத்தேன். வங்கி மானேஜர் காபிக்கு வந்தவர், “யோகா சாமான் கீழே இறங்கிடுத்தோ?” என்றார்.

“கிட்டார். அவ வாசிப்பா. பாடவும் பாடுவா” என்றேன்.

“அப்படியா! சொல்லவே இல்லையே ஓய்.”

“வெக்கமாயிருந்தது” என்றேன். அவர் ஒரு வாய் காபியை விழுங்கிவிட்டு வேறு விஷயம் பேசினார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் இல்லாமல் இருந்தது.

திருவோணத்தன்று வீட்டில் ஆட்கள். இலை போட்டு, பாயசம் முடித்து, எல்லோரும் போக இருட்டிவிட்டது. மறுநாள் காலை, மிச்சம் இருந்த அவியல், காளன், சாம்பார் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சுட வைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்னா, கடை எப்போ தொறப்பா?”

“நாளைக்குச் சதயம். அது கழிஞ்சு தொறந்துடுவா.”

“வரேன். ரெண்டு வரி இல்லை, முழுப் பாட்டும் பாடுவேன். கதவைச் சாத்தச் சொல்லப்படாது.”

“சரி.”

“நீங்க பக்கத்துல நிக்கணும்.” கரண்டியைச் சட்டியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். “யாராவது வந்து உள்ள யாரு பாடறதுன்னு கேட்டா?”

“என் ஆம்படையாள்னு சொல்லுவேன்.”

“மலையாளத்துலயும் சொல்லத் தெரியுமோ?”

“தெரியும்.”

“சரி, தட்டை வையுங்கோ” என்றாள். அன்று அவிட்டம்.