ஏற்கெனவே சேர்ந்திருந்த திருத்தம்

மயிலாப்பூர் நீரஜாவுக்கு 1997-இல் சம்பளமில்லாத ஓர் உத்தியோகம் இருந்தது. ரத்த வங்கிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் இலவச மென்பொருளை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத பத்துப் பேர் சேர்ந்து எழுதிவந்தார்கள். ஆளுக்கொரு திருத்தம் ஈமெயிலில் வரும். அவற்றை மூலப்பிரதியில் சேர்த்துப் புதுப் பதிப்பு வெளியிடுவது நீரஜாவின் பாடு. எதையாவது தப்பாகச் சேர்த்துத் தொலைத்தால் என்ன ஆகும் என்ற பயம் அவளை விட்டதே இல்லை.

அன்று காலை அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஹபீபுர் ரஹ்மானின் திருத்தம் வந்திருந்தது. ரத்தம் பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்கும் ஆர்.எச். பரிசோதனையின் முடிவு வராவிட்டாலும், மென்பொருள் ரத்த வகையோடு தானாகவே ‘பாசிட்டிவ்’ என்று அச்சடித்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கும் திருத்தம். போன வாரமே அதைச் சேர்த்து வெளியிட்டவள் அவள்தான். அதே ஈமெயில் இரண்டாம் முறை வந்ததை அவள் கவனிக்கவில்லை. கணினியிடம் சேர்க்கச் சொன்னதும், ‘இது ஏற்கெனவே இருக்கிறதே, எடுத்துவிடட்டுமா?’ என்று அது கேட்டது.

“போனை விடறயா இல்லையா? எவ்ளோ நாழியா மோடத்தையே கட்டிண்டு அழறே?” என்றார் கணவர் சுப்பராமன்.

அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டினாள். பதிப்பை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனாள்.

தலை துவட்டும்போதுதான் உறைத்தது. இருந்த திருத்தத்தையல்லவா பிடுங்கி எறிந்திருக்கிறாள். அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் அடையாறு மருத்துவமனையின் ரத்த வங்கிக்குப் போன் போட்டாள். லைன் பிஸி. அங்கேயும் மோடத்துக்கும் பேச்சுக்கும் ஒரே லைன்தான். அவளுடைய புதுப் பதிப்பைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்ததும் ஓடிப் போய் ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோ அடையாறு பாலத்தில் ஊர்ந்தது.

“புதுசு போட்டாச்சு மேடம், நல்லா ஓடுது” என்றார் டெக்னீஷியன் லூர்துசாமி.

“லேபிள் அடிச்சேளா?”

“ஒண்ணே ஒண்ணு. ஃபிரிட்ஜுல கீது.”

ரத்தப் பையை எடுத்துவரச் சொன்னாள். லேபிளில் ஓ பாசிட்டிவ்.

“ஆர்.எச். டெஸ்ட் ரிசல்ட்?”

“இன்னும் வர்ல மேடம். ரிசல்ட் இல்லாங்காட்டி மிஷினே நின்னுடும்ல?” சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. லேபிளைக் கிழித்தார். “குடுக்குறதுக்கு மின்னாடி இன்னொரு தபா பாப்போம். பயப்படாதீங்க.”

அவள் இருக்கும்போதே பரிசோதனைச் சீட்டு வந்தது. ஓ நெகட்டிவ்.

பழைய பதிப்பையே போடச் சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பினாள். பிறகு அதே திருத்தத்தை மறுபடி சேர்த்தாள். இந்த முறை கணினி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காததும் பயமாக இருந்தது.