ஆயர் குரோ மேடுகளும் ஆறு டின் கள்ளும்

அன்று காலை கிளேபாங் தென்னந்தோப்பில் நான் இருந்தேன். என் மச்சினன் இருந்தான், மனைவியின் தம்பி, இருபத்திரண்டு வயது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்த செட்டி மனிதர் இருந்தார். மரமேறுகிறவர் இருந்தார். அவ்வளவு பேர்தான். சைக்கிள் மூன்று. டின் ஆறு.

செட்டி என்றால் வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. மலாக்காவில் பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்டவர்கள். கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், பேசுவது மலாய். அவர் என்னைவிட மூத்தவர். நாங்கள் அவரை அபாங் என்று கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம்.

எங்கள் தொழில் கள் ஏற்றிப் போவது. கிளேபாங்கில் கடலோரம் பூராவும் தென்னை. ஆயர் குரோவுக்கு மேலே மேடும் பள்ளமுமாக ரப்பர் தோட்டம். தோட்டத்தில் தென்னை கிடையாது, குடிக்கிறவர்கள் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். அதற்குள் கள் போய்ச் சேர வேண்டும். நான் ஏழு வருடம் போனேன். அபாங் எனக்கும் முன்னால். மச்சினன் இரண்டு வருடம்.

பதின்மூன்று மைல் இருக்கும். தெங்கேரா வழியாக டவுனுக்குள் வந்து, காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, அப்புறம் ஏற்றம். ஆயர் குரோவில் இன்றைக்கு ஹைவேயும் பாக்டரியும் இருக்கின்றன. அன்றைக்கு மரமும் மேடும்தான். மேடு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தோம். முதலாவது வாசப்படி. இரண்டாவது கல்லறை மேடு. மூன்றாவது தொடைக்கறி மேடு, அது மச்சினன் வைத்தது. நாலாவதுக்குப் பேர் வைக்க யாருக்கும் மூச்சு மிஞ்சவில்லை. ஐந்தாவதில் ஏறினால் கடையின் தகரக்கூரை தெரியும்.

சைக்கிளுக்குப் பக்கத்துக்கு ஒரு டின். பால்காரர் டின் போல வாய் சின்னது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. ஆடும், ஆடினால் பொங்கும். உட்கார்ந்தபடியே ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோணல்மாணலாக ஏற வேண்டும். இறக்கம் அதைவிடக் கஷ்டம். பிரேக் பிடிக்காது. செருப்பை டயரில் வைத்து அழுத்துவோம். மாதம் ஒரு செருப்பு தேயும்.

கள் உயிருள்ள சாமான். வெயில் பட்டால் பொங்கும், குலுக்கினால் பொங்கும். அதனால் டின்னுக்கு மூடி போடுவதில்லை. தென்னை மட்டையடியில் வலை மாதிரி இருக்குமே, பன்னாடை, அதைச் சுருட்டி வாயில் செருகுவோம். காற்று வெளியே போகும். நுரையும் போகும். டின் ஓரமாக வழிந்து காலில் இறங்கும். சிலுவார், கால்சட்டைதான், காய்ந்து அட்டை மாதிரி நிற்கும். தேனீ பின்னாலேயே வரும். காஜா பெராங்கில் பிள்ளைகள் எங்களைப் பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கடையில் கிராணி ஒருவர். கணக்கு எழுதுகிறவர், அளக்கிறவரும் அவரே. மூங்கில் குச்சியில் விரல் விரலாக வெட்டு வைத்திருப்பார். டின்னுக்குள் விட்டுப் பார்ப்பார். இரண்டு விரல் குறைந்தால் பரவாயில்லை. எங்கள் டின் எப்போதும் நாலு விரல், ஐந்து விரல் குறையும். தண்ணீர் கலந்து நிரப்பலாம் என்று மச்சினன் ஒருமுறை சொன்னான். கிராணி நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும் என்றேன். விட்டுவிட்டான்.

மெர்டேக்காவுக்கு, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாளுக்கு, சில மாதம் முன்பு கிராணி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "லோரிக்காரன் ஒருத்தன் வந்து கேக்கிறான். நாலு தோட்டத்துக்கும் அவனே போடறானாம். தொரை சரின்னுட்டாரு. நான்தான் பழைய ஆளுங்கன்னு பேசி வச்சிருக்கேன். வெள்ளிக்கெழம அவனும் கொண்டாரட்டும், நீங்களும் கொண்டாங்க. ஆறு டின்னும் ரெண்டு விரலுக்குள்ள இருந்தா நீங்க. இல்லாட்டி அவன்."

அபாங் என்னைப் பார்த்தார். நான் மலாயில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

நான் முதலில் சொன்ன காலை அந்த வெள்ளிக்கிழமைதான். மரமேறுகிறவர் கள்ளை ஊற்றிக்கொண்டிருந்தார். மச்சினன் பையிலிருந்து பழைய டியூப்பை வெட்டின பட்டைகளை எடுத்தான். பன்னாடையை வைக்கவில்லை. இரண்டு டின்னுக்கும் ஈரத்துணி வைத்து மூடியை அமுக்கி, குறுக்கும் நெடுக்குமாக டியூப்பை இழுத்துக் கட்டினான்.

"டேய், அது மூச்சு விடணும்டா."

"இன்னிக்கி ஒரு நாளு மூச்சு விடாம இருக்கட்டும் மாமா. ஒரு சொட்டு போவாது பாருங்க."

"வெடிக்கும்."

"அது என்ன, தீவாளிப் பட்டாசா?"

மரமேறுகிறவர் சிரித்தார். "ஒங்க மாமன் மேட்டப் பாத்தே பயப்படறவரு. மெர்டேக்கா வந்தா மேடெல்லாம் எறங்கிடும்னு சொல்லி வையி."

"எறங்கட்டும். அப்புறம் நீ மரத்த எறக்கச் சொல்லிக் கேளு," என்றான் மச்சினன்.

அபாங் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "ஜாங்ஙான்," என்றார். வேண்டாம் என்று.

மச்சினன் அவிழ்க்கவில்லை. நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னேன், இரண்டாவது தடவை சொல்லவில்லை. அவனுடைய இரண்டு டின்னாவது நிறைந்து போய்ச் சேரட்டும் என்று எனக்குள்ளும் இருந்தது. இருந்ததை எழுதிவிடுகிறேன்.

என் டின்களில் பன்னாடைதான் வைத்தேன். அபாங்கும் அப்படியே. கிளம்பினோம்.

தெங்கேராவைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வீட்டு வாசலில் மனைவி நின்றாள். நாங்கள் நிற்கவில்லை. மச்சினன் முன்னால் போனான். அவன் டின்னில் நுரை இல்லை, கால் காய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்துக் காலைத் தூக்கிக் காட்டினான்.

வாசப்படி ஏறினோம். கல்லறை மேடு ஏறினோம். என் டின் வழிந்தது, எப்போதையும்விடக் குறைவாகத்தான். மெதுவாக மிதித்தேன். அபாங் எனக்கும் பின்னால்.

தொடைக்கறி மேட்டில் பாதி ஏறும்போது மச்சினன் இறங்கினான். இறங்கித் தள்ளுகிறவன் இல்லை அவன். டின்னில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றான். டின் வயிறு உப்பியிருந்தது. நான் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வருவதற்குள் அவன் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் போனான்.

"கைய வைக்காத," என்றேன்.

சத்தம் பெரிதாக இல்லை. பலகை ஒன்று கீழே விழுந்தது போல. மூடி அவன் முகத்தில் அடித்துப் போனது. சைக்கிள் அவன் மேல் சாய்ந்தது. இன்னொரு டின் ரோட்டில் மோதி, அதுவும் திறந்துகொண்டது. கள் வெள்ளையாக ரோடு பூராவும் ஓடி இறக்கத்தில் போனது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கில் ரத்தம்.

"கண்ணு மாமா," என்றான்.

அபாங் அவன் கையை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். சட்டையைக் கழற்றிக் கட்டினார். பிறகு தன் சைக்கிளிடம் போனார். இரண்டு டின்னையும் இறக்கி, பன்னாடையைப் பிடுங்கி, கால்வாயில் சாய்த்தார். முதலில் ஒன்று. பிறகு மற்றது. காலியாகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். நானும் ஒரு கை பிடிக்க, மச்சினனைத் தூக்கி கேரியரில் உட்கார வைத்து, தன் இடுப்பைச் சுற்றி டியூப்பால் கட்டிக்கொண்டார். அதே டியூப்.

"பெர்கிலா, டேக்," என்றார். நீ போ தம்பி என்று. கையால் மேட்டைக் காட்டினார்.

நான் போனேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. கடைப் பக்கம் போனேன். ஏன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. டின் நிறைந்திருந்தது, போனேன்.

நாலாவது மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினேன். ஐந்தாவதிலும். கடைக்கு முன்னால் லோரி நின்றது. கிராணி என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். குச்சியை எடுத்தார். முதல் டின்னில் விட்டார். இரண்டாவதில் விட்டார்.

"ரெண்டு விரல். ரெண்டுமே ரெண்டு விரல்," என்றார். "சரியாத்தான் கொண்டாந்திருக்க. மத்தது எங்க?"

சொன்னேன்.

நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. "நான் என்னய்யா பண்ணட்டும்? ஆறுன்னு தொரைகிட்ட சொல்லிட்டேன். லோரிக்காரன் எட்டு மணிக்கே வந்துட்டான். ஒரு விரல்தான் கொறச்சல்."

"அவன் எதப் போட்டு மூடியிருந்தான்?"

"பன்னாடதான். வெயிலுக்கு முந்தி வந்துட்டான்ல."

லோரிக்காரன் என்னிடம் ஒரு சிகரெட் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது தொடைக்கறி மேட்டில் ரோடு காய்ந்திருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. மச்சினனுடைய சைக்கிள் கால்வாயில் கிடந்தது. எடுத்தேன். என் சைக்கிளில் உட்கார்ந்து, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கல்லறை மேட்டில் கை விட்டுப்போனது. அதன்பிறகு இரண்டையும் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வலது கண்ணை எடுத்துவிட்டார். மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அபாங் சட்டை இல்லாமல் சுவரோரம் நின்றார்.

"அவன் கட்டும்போது நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள்.

"ஆமா."

அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மெர்டேக்கா வந்தது. காஜா பெராங்கில் கொடி கட்டினார்கள், வளைவு வைத்தார்கள். மச்சினன் அன்றைக்கு சைக்கிளை எடுத்து ஓட்டிப் பார்த்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. சாக்கடைக்குள் இறங்கிவிட்டான். கொடி பிடித்துப் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அவனே ஏறி வந்தான். சைக்கிளை வீட்டுப் பின்னால் சாத்தினான், அப்புறம் தொடவில்லை. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னை மாமா என்று கூப்பிடுவதை விடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அபாங் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன்.

எனக்கு வேறு வேலை தெரியாது. இரண்டு மாதம் தேடினேன். பிறகு லோரிக்காரனிடமே போய்க் கேட்டேன். ஏற்றி விட ஆள் வேண்டும் என்றான். விடியும்போது கிளேபாங் தோப்புக்குப் போவேன். அதே மரமேறுகிறவர்தான் ஊற்றுவார். இப்போது பேசமாட்டார், ஊற்றுவார். பன்னாடை செருகி லோரியில் ஏற்றுவேன். லோரி போய்விடும். அது எந்த மேட்டில் எப்படி ஏறுகிறது என்று எனக்குத் தெரியாது. நான் தோப்பிலேயே நின்றுவிடுவேன். பதினாறு வருடம் ஏற்றினேன்.

ஒரு நாளைக்கு இருபத்தெட்டு டின்.